கல் கைமாறிய கதை

ஐயப்பன்தாங்கலில் எங்கள் தெருவுக்கு அம்மி கொத்துகிறவர் வருவது அபூர்வமாகிவிட்டது. சென்ற மாதம் ஒருவர் வந்தார். கூடவே இருபது வயது மகன். வேப்பமரத்தடியில் எங்கள் அம்மியைக் கிடத்தி, உளியை மகனிடம் கொடுத்தார். அவன் ஓங்கி அடித்ததில் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது. அப்பா திட்டவில்லை. மணிக்கட்டைப் பிடித்து உளியைச் சற்றே சாய்த்துவிட்டு, “குத்தாதடா, தட்டு” என்றார்.

கல்லோடு மனிதக் கை பேசிய பேச்சு நம் பக்கத்தில் மிகப் பழையது. இங்கிருந்து தெற்கே சில மைல் போனால் பல்லாவரம். 1863 மே 30 அன்று அங்கே ஒரு சரளைக் குழியில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். மனிதர் செதுக்கிய கல் அது. இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்தக் குழியில் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர், பூண்டி என்று போகும் வழி அது.

அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல ஆண்டுகள் அகழ்ந்தார்கள். மண்ணுக்குள் புதைந்தபின் கல்லில் சிதைந்துகொண்டே போகும் அலுமினியம்-26, பெரிலியம்-10 அணுக்களை அளந்து, அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் வயதை 2011-இல் சொன்னார்கள். குறைந்தது 10 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டு; சராசரிக் கணக்கில் 15 லட்சம். நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளுக்கே ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுதான். இந்தக் கைக்கோடரிகளைச் செய்தவர்கள் நமக்கும் மூத்தவர்கள்.

கைக்கோடரி சும்மா உடைத்த கல் அல்ல. குவார்ட்சைட் பாறையிலிருந்து உள்ளங்கையைவிடப் பெரிய சில்லைப் பெயர்க்க வேண்டும். விளிம்பில் சரிவு பார்த்து அடிக்க வேண்டும். பிறகு புரட்டிப் போட்டு, முந்தைய அடி விட்ட பள்ளத்தின் மேலேயே அடுத்த அடி. ஐந்தாவது அடியை மனதில் வைத்து முதல் அடியைப் போட வேண்டும். கடைசியில் இரு பக்கமும் ஒத்து, வாதுமைக்கொட்டை போல் ஒரு வடிவம் வரும். ஒரு அடி பிசகினால் கல் இரண்டாகிவிடும்.

இதைத் தனியாள் ஒருவர் உட்கார்ந்து கண்டுபிடித்து முடித்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை. 2015-இல் வெளியான ஒரு சோதனையில் 184 பேரை ஐந்து விதமாகப் பிரித்து, இதைவிட எளிய கற்சில்லுகளைப் பெயர்க்கப் பழக்கினார்கள். செய்வதைப் பார்த்து மட்டும் கற்றவர்கள், முடிந்த சில்லை வைத்து ஊகித்தவர்களைவிட அதிகம் தேறவில்லை. சைகையாலும் பேச்சாலும் ஒருவர் சொல்லிக்கொடுத்தபோதுதான் கை நன்றாகத் திருந்தியது.

சொல்லிக்கொடுக்க இருவரும் ஒன்றையே பார்க்க வேண்டும். குழந்தை ஒன்பது, பத்து மாதத்தில் நாம் காட்டும் பொருளைப் பார்க்கும். பிறகு திரும்பி நம் முகத்தைப் பார்க்கும். இரண்டு பேர் ஒரே பொருளின் மேல் கண் வைப்பது. மனித உறவுகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். கைக்கோடரி பிறந்தது அந்தப் பார்வையில் என்பது என் எண்ணம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். உடைந்த கல்லுக்காகக் கோபித்துக்கொள்ளாதவராக இருக்க வேண்டும். எதிரில் இருப்பவரும் தன் தவறை மறைக்காமல் காட்டக்கூடியவராக இருக்க வேண்டும். பயந்த கைக்கு உளி நிற்காது.

அன்று எதிர்வீட்டு அம்மியை மகன் தனியாகக் கொத்தினான். அப்பா எதிரே குத்துக்காலிட்டு, பேசாமல், உளி முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அவன் ஒருதரம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான்.