பிளாச்சிமடை: உலைப்பானையின் சாட்சியம்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு விளிம்பில், தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கும் சித்தூர் வட்டம் மழைமறைவுப் பகுதி. கேரளம் என்றதும் நினைவில் எழும் பெருமழைக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி கிடைக்கும் ஆற்றுநீரையும் கிணறுகளையும் நம்பியே இங்கு வாழ்க்கை நடக்கிறது. இவ்வட்டத்தின் பெருமாட்டி ஊராட்சியில் உள்ளது பிளாச்சிமடை. எரவாளர், மலசர் ஆகிய பழங்குடியினர் கூலி வேளாண்மையை நம்பி வாழும் இச்சிற்றூரின் பேச்சுவழக்கு பெரிதும் தமிழ் சார்ந்தது.

2000ஆம் ஆண்டு இங்கே 34 ஏக்கர் நிலத்தில் கோகோ-கோலா நிறுவனத்தின் குளிர்பான ஆலை இயங்கத் தொடங்கியது. சில மாதங்களிலேயே கிணற்றுநீர் மாறிவிட்டதாகக் குடியிருப்புப் பெண்கள் கூறலாயினர். அதை முதலில் காட்டியது ஆய்வுக்கூடமன்று, அடுப்பு. பருப்பு வேகவில்லை; வடித்த சோறு விரைவில் கெட்டது; குளித்தால் உடல் எரிந்து அரித்தது; தலைமுடி பிசுபிசுத்தது; குடித்தவர்க்கு வயிற்றுக்கோளாறு வந்தது. நீரின் கடினத்தன்மை மிகும்போது பருப்பு வேகாமலும் சோப்பு நுரைக்காமலும் போவது வேதியியல் அறிந்த செய்தியே. எனினும் பெண்களின் இக்கூற்று நெடுங்காலம் வெறும் முறையீடாகவே கொள்ளப்பட்டது; சான்றாகக் கொள்ளப்படவில்லை.

2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கிற்று. அதன் முகமாக விளங்கிய மயிலம்மா எரவாளர் சமூகத்தவர். 2003இல் பெருமாட்டி ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அவ்வாண்டே, உழவர்க்கு உரமென வழங்கப்பட்ட ஆலைக்கழிவில் காட்மியமும் ஈயமும் இருப்பதை பி.பி.சி. வானொலி எடுத்துச்சென்ற மாதிரிகள் காட்டின.

வழக்கு உயர் நீதிமன்றம் சென்றதும் கேள்வியே மாறிப்போனது. நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதன் அறங்காவலர் என்று 2003 டிசம்பரில் தனி நீதிபதி அளித்த தீர்ப்பு சட்ட வரலாற்றில் பெரிதும் மேற்கோளாகிறது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு, இயல்பான மழையுள்ள ஆண்டில் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. இரண்டும் எதிரெதிர்த் தீர்ப்புகள்தாம். ஆயினும் இரண்டின் மையமும் ஒன்றே: எவ்வளவு நீர்? பெண்கள் கேட்டதோ, எத்தகைய நீர் என்பது. அளவைப் பற்றிய வழக்கில் அரிப்புக்கும் வேகாத பருப்புக்கும் இடம் சுருங்கிவிடுகிறது. பிளாச்சிமடையைப் பற்றிய எழுத்துகள் பலவும் இவ்விடத்தைக் கவனியாது கடந்துவிடுகின்றன.

ஆலை 2004 மார்ச்சில் நின்றது. கிணறுகள் உடனே தேறிவிடவில்லை. குடிநீர் லாரிகளுக்காகக் குடங்களுடன் காத்திருப்பது வழக்கமாயிற்று. தொலைவிலிருந்து நீர் சுமக்கும் பெண்ணுக்கு அந்நேரம் கூலியிழப்பு. இக்கணக்கு அரசு ஆவணத்தில் ஏறியது 2010இல்தான். கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, மொத்த இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டபோது, வேளாண் இழப்போடு உடல்நலக் கேட்டையும் கூலியிழப்பையும் தனித்தனித் தலைப்புகளாகச் சேர்த்தது. மயிலம்மா அதைக் காணவில்லை. 2007 ஜனவரியில் அவர் மறைந்திருந்தார்.

இழப்பீட்டைப் பகிர்ந்தளிக்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. ஆலையை மீண்டும் திறக்கும் எண்ணமில்லை என நிறுவனம் 2017இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்ததோடு உரிமம் பற்றிய வழக்கு முடிந்தது. உடல்நலக் கேட்டை விசாரித்திருக்க வேண்டிய அத்தீர்ப்பாயம் மசோதாவின் தாளிலேயே நின்றுவிட்டது.