மரத்தைக் காத்தவர் யார்?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையை மக்கள் படுவான்கரை என்பர். அக்கரையிலே, போரதீவுப்பற்றின் வயல்களுக்கு நடுவே அமைந்தது வெல்லாவெளி. அதன் அயலூராகிய மண்டூரின் முருகன் கோயில் பற்றிய பழங்கதை தில்லை மரத்தோடு பிணைந்தது. வடக்கே கொக்கட்டிச்சோலையோ தன் பெயரையே கொக்கட்டி மரத்திடம் பெற்றது. இங்கெல்லாம் மரமும் கோயிலும் இருவேறு பொருள்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாக அவற்றைப் பேணி வந்தவர்கள் ஏர் பிடித்த குடிமக்களும் அவர்களிடையே தோன்றிய வண்ணக்கர்களுமே.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டமும் பழங்கட்டடத்தோடு வரலாற்றுத் தொடர்புடைய மரத்தையும் காக்க வழி வகுத்தது. நல்ல சட்டந்தான். ஆனால், 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைந்தபோது, முதலில் நியமிக்கப்பெற்ற உறுப்பினருள் தமிழரோ முஸ்லிமோ ஒருவரேனும் இல்லை. அம்மாகாணத்தில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் இவ்விரு சாராருமே அன்றோ! பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் உழவன் தன் வயலை எண்ணி அஞ்சும் நிலை பிறந்தது.

அஞ்சுகின்றவன் எதையும் அன்போடு காக்கமாட்டான். 1978 நவம்பர்ச் சூறாவளி இம்மாவட்டத்தின் மரங்களை வேரோடு சாய்த்தது. மீண்டும் நட்டு நீர் வார்த்தவை ஊராரின் கைகள். மரத்தின் நிழலில் வாழ்பவனுக்கு அதைக் காக்கும் சபையிலும் இடம் வேண்டும். வரலாற்றைக் காப்பதென்பது வேறென்ன?