பின்பக்கம் ஏறிய பொன்

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் அலை தாண்டிச் சரக்கைக் கரைசேர்க்கும். ஐரோப்பியக் கண்ணாடித் தகடும் அப்படித்தான் வந்து இறங்கியது. உடையாமல் வந்த தகட்டுக்கு மதிப்பு அதிகம்.

அதன் பின்பக்கம் படம் தீட்டும் வித்தையும் கடல்வழி வந்ததே. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கண்ணாடி சீனாவின் காண்டன் நகருக்குப் போய், படம் ஏறி, மறுபடியும் கப்பலேறியது. சீனப் படங்களைப் பார்த்து இந்திய ஓவியர்களும் கற்றுக்கொண்டார்கள். குஜராத்திலும் மைசூரிலும் பரவிய கலை, மராத்தியர் ஆண்ட தஞ்சாவூரில் வேரூன்றியது. பட்டாபிஷேக ராமரும் தவழும் கிருஷ்ணனும் மரப்பலகை ஓவியத்திலிருந்து கண்ணாடிக்கு மாறினார்கள்.

வேலையின் வரிசைதான் தலைகீழ். பலகையில் கண்ணும் புருவமும் கடைசியில் விழும். கண்ணாடியில் அவையே முதலில். அதன்மேல் உடம்பின் நிறம், அதற்கும் மேல் திரைச்சீலையும் பின்புலமும். கண்மை பிசகினால், மேலே வண்ணம் ஏறிய பிறகு திருத்த வழியில்லை. மாதிரிப் படத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து வரைந்தால் முன்பக்கத்தில் வலக்கை இடக்கையாகிவிடும். பெயர் எழுதுவதானால் எழுத்தையும் திருப்பித்தான் எழுத வேண்டும்.

நகைக்கும் கிரீடத்துக்கும் இடம் வெறுமையாக விடப்படும். வண்ணம் காய்ந்தபின் அங்கே பின்னாலிருந்து தங்க ரேக்கு ஒட்டுவார்கள். கையில் காசு குறைந்தவர்களுக்கு ஜிகினாத் தாள். பலகைப் படத்தைப் போல் சுண்ணாம்புப் பூச்சும் பதித்த கற்களும் தேவைப்படாததால், பொன் மின்னும் சாமி படம் எளிய வீட்டுக்கும் எட்டியது. செட்டிநாட்டு வீடுகளிலும் இவை இடம்பிடித்தன.

கண்ணாடியின் பின்பக்கமே பொன் ஏறும் லண்டன் கடைப் பெயர்ப்பலகைகளில் முறை வேறு. ஜெலட்டின் கரைத்த நீரால் தங்க இலையை முதலில் கண்ணாடியில் ஒட்டி, அதன் பின்னால் எழுத்தின் வடிவில் வண்ணம் பூசி, வண்ணம் மூடாத தங்கத்தைத் துடைத்தெடுப்பார்கள். தஞ்சையில் கடைசியில் வரும் பொன் அங்கே முதலில்.

ஓவியர் ரவி வர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப் படங்கள் மலிவாக வந்தன. பின்னாளில் சிவகாசி காலண்டர்கள். கையால் வரைந்த சாமிக்கு ஆள் குறைந்தது. ஈரம் பட்டால் வண்ணம் கண்ணாடியை விட்டு உரியும் என்பதால் பழைய படங்களும் அழிந்தன. 1970-இல் கலை விமர்சகர் ஜெயா அப்பாசாமி எழுதிய நூல் இவற்றுக்குக் கலை வரலாற்றில் இடம் பிடித்துக் கொடுத்தது.

தஞ்சாவூர் பாணிக் கண்ணாடி ஓவியம் இன்றும் வகுப்புகளில் கற்றுத் தரப்படுகிறது. சென்னையின் மாத்தூர், மணலி பக்கத்துக் கடைக் கதவுகளிலோ பொன்னிற ஸ்டிக்கர் எழுத்து. உள்பக்கம் ஒட்டுவதானால் கணினியே எழுத்தைத் திருப்பி வெட்டித் தந்துவிடுகிறது.