பிராட்லா துரையும் சத்தியப் பிரமாணமும்

மதநம்பிக்கை உடையோரும் அதன்கண் ஐயமுடையோரும் ஒரே சபையில் அமர்ந்து பொதுக்காரியம் நடத்தல் கூடுமோ என்னும் வினா நம் சங்கக் கூட்டங்களிலும் இடையிடையே எழுவதுண்டு. இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்து தேசத்துப் பார்லிமெண்டு இதனைத் தீர்ப்பதற்கு 1880 முதல் 1888 வரை எட்டாண்டுகள் அல்லலுற்றது. அவ்வரலாற்றை நம் அன்பர்கள் அறிதல் நலமென்று கருதி ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

சார்லஸ் பிராட்லா என்பார் 1833-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஒரு வக்கீல் குமாஸ்தாவின் மகனாகப் பிறந்தவர். இளமையில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் சிறுவர்க்கு வேதம் போதித்து வந்தார். அக்காலத்தில் திருச்சபையின் கொள்கைகளையும் சுவிசேஷங்களையும் ஒப்புநோக்கியவர், அவை சிற்சில இடங்களில் முரணக் கண்டு, தம் குருவிடம் விளக்கம் வேண்டினார். விளக்கத்திற்குப் பதிலாக நாஸ்திகன் என்ற பழியே வந்தது. போதகப் பணியும் போயிற்று. தந்தையின் இல்லமும் அவருக்கு இல்லையாயிற்று. பின்னர்ப் பட்டாளத்திற் சேர்ந்தும், குமாஸ்தாவாக உழைத்தும், தாமே சட்டம் பயின்றும், மேடைகளிற் பேசியும் பெயர்பெற்றார். 1866-இல் தேசிய லௌகிக சங்கத்தை நிறுவினார்.

1880-ஆம் ஆண்டுத் தேர்தலில் நார்தாம்ப்டன் நகரத்தார் அவரைத் தம் பிரதிநிதியாகத் தெரிந்தெடுத்தனர். சபையில் இடம்பெறுவோர் கடவுளைச் சாட்சியாக வைத்துச் சத்தியப் பிரமாணம் செய்தல் அந்நாளைய விதி. பிராட்லா துரையோ, அதற்கு மாறாக உறுதிமொழி கூற அநுமதி வேண்டினார். சபையார் மறுத்தனர். அங்ஙனமாயின் பிரமாணமே செய்வேன் என்றார். கடவுளைக் குறிக்கும் சொல் தமக்குப் பொருளற்றதாயினும், வாக்குறுதி தம் மனச்சான்றைப் பிணிக்கும் என்றார். நம்பாத சொல்லைச் சொல்ல அவர் ஒருப்பட்டதை நாமும் குறையென்றே கொள்வோம். ஆயினும் சபையார் அதற்கும் இடந்தரவில்லை. 1880 ஜூன் 22-இல், அவர் பிரமாணமும் செய்யலாகாது, உறுதிமொழியும் கூறலாகாது என்று தீர்மானித்தனர். மறுநாள் அவர் வெளியேற மறுக்கவே, பார்லிமெண்டு மணிக்கூண்டில் அவரைச் சிறைவைத்தனர்.

இதன்பின் நடந்தவை நாடகத்தை ஒத்தவை. ஒருகால் உறுதிமொழி கூற இடந்தந்தனர், நியாயஸ்தலம் அது செல்லாதென்றது, பதவி போயிற்று. நார்தாம்ப்டன் மக்கள் 1881-இல் அவரையே மீண்டும் அனுப்பினர். அவ்வாண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் காவலர் அவரை வலிந்து இழுத்து வெளியே தள்ளினர். 1882-இல் அவர் சட்டைப்பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்துத் தாமே பிரமாணம் செய்துகொண்டார். சபையார் அவரை விலக்கினர். மக்கள் அவ்வாண்டிலும் 1884-இலும் அவரையே தெரிந்தெடுத்தனர். அவருடைய மதத்தைப் பற்றியன்று, தம் வாக்கின் மதிப்பைப் பற்றியே அவர்கள் கவலைகொண்டனர் போலும்!

ஈண்டு நாம் உற்றுநோக்கத் தக்கது ஒன்றுண்டு. அதே நகரத்தின் மற்றொரு பிரதிநிதியான ஹென்றி லபூஷேர் என்பாரும் மதப்பற்றுக்குப் பேர்போனவரல்லர். அவர் ஒன்றும் பேசாது பிரமாணம் செய்து இருக்கையில் அமர்ந்தார். அவரை எவரும் தடுத்திலர். ஆகவே, அப்பிரமாணம் தடுத்தது நம்பிக்கையில்லாதவரை அன்று. நம்பிக்கையில்லை என்று மெய் கூறியவரையே. மெய் கூறுவோன் வெளியே நிற்க, வாய்மூடியிருப்போன் உள்ளே செல்லும் வாயிலால் மதத்திற்கு வரும் காவல் யாது?

மற்றொன்றும் உண்டு. அதே சபையின் வாயில் கத்தோலிக்கருக்கு 1829 வரை அடைபட்டிருந்தது. யூதரான ரோத்ஸ்சைல்டு பிரபு 1847-இல் தேர்ந்தெடுக்கப்பட்டும், 1858 வரை அமர இயலாது காத்திருந்தார். அவ்வாறிருந்தும், பிராட்லாவைத் தடுக்க முன்னின்றவருள் கத்தோலிக்கத் தலைவரான கார்டினல் மானிங்கும் ஒருவர். நேற்றுத் தள்ளப்பட்டோர் இன்று தள்ளுவோராதல் எத்துணை எளிதென்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். குலத்தின் பெயரால் வாயில் அடைபட்ட துன்பத்தை முன்னோர்வழிக் கேட்டறிந்த நமக்கு இது விளங்காமற் போகாது.

இதற்கு மாறாக நின்றவர் கிளாட்ஸ்டன் பிரதமர். அவர் சிறந்த மதபக்தர். பிராட்லாவின் கொள்கைகளை வெறுத்தவர். எனினும் 1883-இல் உறுதிமொழி மசோதாவை ஆதரித்து, மதக்கருத்துக் காரணமாக ஒருவரது உரிமையைப் பறித்தல் மதத்திற்கே கேடு என்று வாதாடினார். மசோதா 289-க்கு 292 என மூன்றே வாக்குகளால் தோற்றது. ஆயினும் மெய்யான பக்தர் ஐயுறுவோரைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை என்பது அவரால் விளங்கிற்று.

1886 ஜனவரியில் புதிய சபாநாயகர் பீல் துரை, எவர் ஆட்சேபத்தையும் ஏலாது, பிராட்லாவைப் பிரமாணம் செய்யவிட்டார். 1888-இல் பிராட்லாவின் முயற்சியாலேயே பிரமாணச் சட்டம் நிறைவேறிற்று. அச்சட்டம் நம்புவோர் பிரமாணத்தைப் பறிக்கவில்லை. நம்பாதோர்க்கு உறுதிமொழியையும் அளித்தது.

அவர் நம் தேசத்திற்கும் உற்றவர். 1889-இல் பம்பாய்க் காங்கிரஸ் மகாசபைக்கு வந்து சிறப்பிக்கப்பெற்றார். இந்தியர் குறைகளைச் சபையில் எடுத்துரைத்தமையால் 'இந்தியாவின் பிரதிநிதி' என்றும் வழங்கப்பெற்றார். 1891 ஜனவரியில் அவர் மரணப் படுக்கையிற் கிடக்கையில், சபையார் பழைய தீர்மானத்தைத் தம் ஏட்டினின்று நீக்கினர். அச்செய்தியை அறியும் நிலையில் அவரில்லை. ஜனவரி 30-இல் காலமானார். அப்போது இலண்டனில் சட்டம் பயின்றுவந்த காந்தியடிகளும் அவர்தம் அடக்கத்திற்குச் சென்றிருந்தார்.

1950-இல் அமலுக்கு வந்த நம் அரசியலமைப்பு, பதவியேற்போர் கடவுளின் பெயரால் ஆணையிடவோ உளமார உறுதி கூறவோ இடந்தருகின்றது. அரசாங்கம் கொண்ட நெறியைச் சங்கமும் கொள்ளலாகாதோ? திருவிழாச் செலவைப் பற்றியோ சடங்கின் பயனைப் பற்றியோ ஓர் இளைஞன் வினவினால், அவனைப் பழித்து எழுப்பிவிடாது, விடை கூறுவோமாக. வினவுவோனும் பெரியோர் பக்தியை எள்ளி நகையாடாது, தன் ஐயத்தைப் பணிவுடன் உரைப்பானாக. பிராட்லாவின் குரு அன்றே பொறுமையுடன் ஒரு மறுமொழி எழுதியிருப்பாராயின், பின்விளைந்த பகைமை பெரிதும் தணிந்திருக்கும் என்பது எம் துணிபு.