தடுக்கலாகாது என்னும் ஒரு வரி



"சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிதானே, டீச்சர்? அப்படியென்றால் அங்கே நம்மைவிட நிறையத் தமிழ்ப்பள்ளிகள் இருக்குமே?" என்று வரலாற்றுப் பாடவேளையில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். அவள் கணக்கில் பிழையில்லை. ஆனால், வரலாறு அவ்வாறு நடக்கவில்லை.

1957-இல் விடுதலை பெற்ற மலாயாவின் அரசியலமைப்புச் சட்டத்தில் 152-ஆம் விதி மலாய்மொழியைத் தேசிய மொழியாக்கியது. ஆங்கிலத்திற்குப் பத்தாண்டுத் தவணை தரப்பட்டது. சட்டமன்றங்களில் சீனத்திலோ இந்திய மொழியிலோ பேசப் பத்தாண்டுகளுக்கு வரையறுக்கப்பட்ட உரிமை தரலாம் என ரீட் ஆணையம் பரிந்துரைத்திருந்தது, அது ஏற்கப்படவில்லை. நமக்கு எஞ்சியது ஒரு காப்புவரிதான்: பிற மொழி எதனையும் கற்பிப்பதிலிருந்தோ கற்பதிலிருந்தோ எவரையும் தடுக்கலாகாது. தமிழ் என்னும் பெயர்கூட அவ்விதியில் இல்லை.

தடுக்கலாகாது என்பது வேறு, வளர்க்க வேண்டும் என்பது வேறு. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2) பிரிவு, தேசிய மாதிரித் தொடக்கப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்தது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அப்பிரிவு நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் பணியாற்றிய மூத்த ஆசிரியர்களைக் கேட்டால் அந்த எண்ணைத் தூக்கத்திலும் சொல்வார்கள்!

காப்புவரியும் பின்னர் நீதிமன்றம் ஏறியது. மொழியைப் பாடமாகக் கற்பிக்கலாம், அம்மொழியிலேயே பிற பாடங்களைக் கற்பிக்கலாமா என்பது வழக்கு. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றமும் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவையல்ல எனத் தீர்ப்பளித்தன. கணிதத்தைத் தமிழில் நடத்தும் நான், அந்நாள்களில் நாளேட்டை வேறு கண்ணோடு படித்தேன்.

இனி, மாணவியின் வினாவுக்கு வருவோம். சிங்கப்பூர் 1965-இல் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் ஆட்சிமொழிகளாக்கியது. நாணயத்தாளிலும் தமிழ் உண்டு. ஆயினும் பெற்றோர் மேன்மேலும் ஆங்கிலப் பள்ளிகளையே நாடினர். ஆங்கிலம் அறிந்தோர்க்கே வேலைவாய்ப்பு மிகுதியாக இருந்தது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946-இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி, பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, மாணவர் குறைந்து 1982-இல் மூடப்பட்டது. அங்குத் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட கடைசிப் பள்ளி அதுவே. இன்று அங்குத் தமிழ் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. ஆட்சிமொழித் தகுதி இல்லாத நம் நாட்டிலோ 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன.

இவற்றைச் சொல்லி முடித்ததும் அவள், "அந்தப் பள்ளியை யார் மூடச் சொன்னது, டீச்சர்?" என்றாள். சேர்வதற்குப் பிள்ளைகள் இல்லை என்றேன்.

எங்கள் பள்ளியில் இவ்வாண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர்.