அடியை நிறுத்திவைக்கும் கை: பம்பை, மைக் செட், டிஜே

டிரான்ஸ் இசை வேகத்தால் ஆவேசம் ஊட்டுகிறது என்பது பரவலான நம்பிக்கை. அடிகளை எண்ணிப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது. நிமிடத்துக்கு 130 முதல் 140 அடிகள் என்ற அளவில் ஒரு பாட்டு எங்கே தொடங்குகிறதோ பெரும்பாலும் அங்கேயே முடிகிறது. 138 என்றால் கடைசிவரை 138தான். வேகம் கூடாமலே கூட்டத்தின் ஆவேசம் கூடுகிறது என்றால் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும். கேட்பவர் எதிர்பார்த்துப் பழகிவிட்ட அடியை, தராமல் நிறுத்திவைப்பதில் அந்தக் காரணம் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இந்தக் கலை டிஜே மேசையோடு தாம்பரத்துக்கும் தென்சென்னைப் புறநகருக்கும் வந்திறங்கியதல்ல. அம்மன் கோயில் பம்பைக்காரரிடம் அது முன்பே இருந்தது. மைக் செட்காரரிடம் பாதி தங்கியது. டிஜேயிடம் வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. கருவி மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் வாசிப்பவரின் கை எதை இழந்தது, எதை மீட்டது என்பதே இங்கே பின்தொடரப்படும் வரலாறு.

முதலில் ஒரு டிரான்ஸ் பாட்டின் நடுப்பகுதியைக் கூர்ந்து கேட்க வேண்டும். எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என இரட்டிக்கும் சுற்றுகளாக அது கட்டப்பட்டிருக்கும். அப்படி ஒரு சுற்று முடியும் இடத்தில், அதுவரை தரையை அதிரவைத்த கிக் டிரம் சட்டென மறையும். நீண்ட சுரங்களும் ஒரு மெட்டும் மட்டும் மிதக்கும். ஆடியவர்களின் கால்கள் பிடிப்பில்லாமல் நிற்கும். இதுதான் பிரேக்டவுன். பிறகு ஸ்னேர் நுழையும். முதலில் ஓர் அடிக்கு ஒன்று, அடுத்து இரண்டு, அடுத்து நான்கு. கூடவே ஃபில்டர் மெல்லத் திறக்க, அமுங்கியிருந்த கூரிய ஒலிகள் படிப்படியாக வெளிவரும். கடைசி நொடியில் எல்லாம் அறுந்து ஒரு மௌனம். அதற்குப் பிறகுதான் கிக் விழும்; அதுவே டிராப். இவ்வளவும் பாட்டை ஆக்கியவர் முன்பே செய்துவைத்தது. எந்தப் பாட்டின் வெற்றிடத்தில் எந்தப் பாட்டை ஏற்றுவது, எத்தனை நிமிடம் கூட்டத்தைக் காக்கவைப்பது, முதல் மணி நேரத்தில் எதையெல்லாம் தராமல் வைத்திருப்பது என்பவை டிஜேயின் முடிவுகள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உச்சத்தைக் கொடுப்பவர் விரைவில் கூட்டத்தைக் களைப்படைய வைத்துவிடுவார்.

இனி அம்மன் கோயிலுக்கு வரலாம். 1931இல் மின்சார ரயில் தாம்பரம் வரை ஓடத் தொடங்கிய பிறகும் சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், முடிச்சூர் ஆகியவை நெடுங்காலம் ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர்களாகவே இருந்தன. 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவான பின்னும் இவ்வட்டாரத்தில் ஆடி மாதக் கூழ் வார்த்தலுக்குப் பம்பை, உடுக்கை, கைச்சிலம்புக் குழுவை அழைப்பது நின்றுவிடவில்லை. அக்குழுவின் வாசிப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பிள்ளையார், பிறகு எல்லைத் தெய்வங்கள், பிறகு அம்மனின் பிறப்பும் பெருமையும் சொல்லும் வர்ணிப்பு, அதன் பிறகே அம்மனை வரவழைக்கும் அழைப்பு. பம்பையின் இரட்டை முழவுகள் தாளத்தைத் தாங்கிநிற்க, உடுக்கை அடிப்பவர் அதன் இடைக்கயிற்றை விரல்களால் இறுக்குவார். ஒரே அடியின் ஒலி கீழிருந்து மேலாக வளைந்து ஏறும். கயிறு தளர்ந்தால் ஒலி மீண்டும் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் ஃபில்டர் திறந்து மூடுவதன் வேலையைத்தான் செய்கிறது, ஆனால் கூட்டத்தின் முகம் பார்த்து அடிக்கு அடி செய்கிறது. தென்னார்க்காட்டு வட்டாரத்தில் கள ஆய்வு செய்து 2000இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் இசபெல் நபோகோவ், பம்பைக்காரர்கள் தெய்வத்தைக் கெஞ்சியும் வற்புறுத்தியும் வரவழைப்பதையும், வந்த பிறகு கேள்வி கேட்டுப் பேசவைப்பதையும் பதிவுசெய்திருக்கிறார். அந்தப் பேச்சு நடக்க மேளம் நின்றாக வேண்டும். அருள் வந்த உடலின் முதல் வாக்கு மௌனத்தில்தான் கேட்கிறது. வாக்கு முடிந்து, கற்பூரம் ஏற்றி, தெய்வம் மலையேறும்வரை எப்போது அடிப்பது, எப்போது நிறுத்துவது என்ற அதிகாரம் முழுவதும் பம்பைக்காரரிடம் இருக்கிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அருள் வருவது மூளையில் நிகழும் உடலியல் விளைவு, சீரான முழவொலி மூளையின் அலைகளைத் தன் லயத்துக்கு இழுக்கிறது, ஆகவே நிறுத்திவைப்பதற்கும் நாடகத்துக்கும் அதில் பெரிய பங்கில்லை என்று சொல்லலாம். 1962இல் ஆண்ட்ரூ நேஹர் முன்வைத்த கருத்து ஏறக்குறைய இதுதான். பிரெஞ்சு இசையியலாளர் ஜில்பெர் ரூஜே 1980இல் எழுதிய பெரிய நூலில் இதை ஏற்கவில்லை. இசைக்கும் ஆவேசத்துக்கும் உள்ள உறவு பண்பாட்டால் கற்றுக்கொள்ளப்படுவது என்றார். ஆவேசத்துக்கு உள்ளாகிறவரையும் அதற்கான இசையை வாசிக்கிறவரையும் வேறு வேறு நிலைகளில் வைத்துப் பார்த்தார். நம் ஊர் அம்மன் கோயில் ரூஜேயின் பக்கமே சாட்சி சொல்கிறது. முழவுக்கு மிக அருகில், மிக அதிக நேரம் நிற்பவர் பம்பைக்காரர். ஆனால் அழைப்பு நடக்கையில் அவர் தன்னிலை இழப்பதில்லை, இழந்தால் அவர் வேலை கெட்டுவிடும். அருள் வருவது விரதமிருந்து காப்புக் கட்டி, எந்த இடத்தில் அம்மன் வருவாள் என்று அறிந்து காத்திருக்கும் ஒருவருக்கு. உடல் ஒலிக்கு எதிர்வினை புரிவதை மறுக்கத் தேவையில்லை. எந்த நொடியில், யாருக்கு என்பதை எதிர்பார்ப்புதான் தீர்மானிக்கிறது. டிஜேயும் கூட்டத்தோடு சேர்ந்து கரைந்துவிட்டால் அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இன்னொரு மறுப்பை ஓரளவு ஏற்க வேண்டும். மரபு இசைகளில் வேகமும் கூடத்தானே செய்கிறது? கூடுகிறது. இப்போது புறநகர்த் திருவிழா ஊர்வலங்களில் அடிக்கடி கேட்கும் செண்டை மேளத்தின் மரபு வடிவங்களில் ஒன்றான பஞ்சாரி மேளத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதன் ஐந்து காலங்களில் தாளச் சுற்றின் அளவு 96, 48, 24, 12, 6 எனப் பாதி பாதியாகச் சுருங்கிக்கொண்டே வரும். வாசிப்பு வேகமும் ஏறும். ஆனால் வேகத்தைத் தொடாமல் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே விடை இருக்கிறது. கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும் குறைப்பில், தாளம் போடும் கை ஒரே நிதானத்தில் போய்க்கொண்டிருக்கும். ஒருவர் எடுத்துக்கொள்ளும் இடம் மட்டும் இரண்டு ஆவர்த்தனம், ஒன்று, அரை, கால் எனக் குறையும். பதில் வரும் தூரம் சுருங்கச் சுருங்கக் கேட்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். பிறகு இரு கருவிகளும் சேர்ந்து மோராவில் திரண்டு கோர்வையில் சமத்துக்கு வந்து விழும். ஸ்னேர் ஒன்று, இரண்டு, நான்கு என்று நெருங்குவதும் இதே கணக்குதான். வேகத்தை இயந்திரம் ஓரிடத்தில் பூட்டிவைத்தபோது, டிரான்ஸ் இசைக்கு மிஞ்சிய வழி இந்தச் சுருக்கம் ஒன்றே. அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. கருவியின் எல்லைக்குள் கண்டெடுத்த தீர்வு அது.

பம்பைக்கும் டிஜேக்கும் நடுவில் நிற்கும் மைக் செட்காரரை இசை வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். இது பெரிய இழப்பு. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். பிறகு வந்த கேசட்டில் பாட்டு தானாக ஓடும். இரண்டிலும் பாட்டின் உள்ளே கைவைக்க வழியில்லை. அம்மனை இன்னும் இரண்டு சுற்று காக்கவைக்க வேண்டும் என்று பம்பைக்காரர் முடிவெடுப்பதுபோல மைக் செட்காரர் முடிவெடுக்க முடியாது. அவருக்கு இருந்தவை வரிசையும் ஒலியளவும்தான். அவற்றை வைத்து அவர் ஒரு நாளையே கட்டினார். விடியலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, வெயில் ஏறும்போது எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள், நடுப்பகலில் ‘திருவிளையாடல்’ (1965) போன்ற படங்களின் வசனத் தட்டு, கரகம் புறப்படும் நேரத்தில் மறுபடி அம்மன் பாட்டு, இந்த முறை குழாய் ஸ்பீக்கரின் முழு ஒலியில். பிள்ளையாரில் தொடங்கி அம்மனில் ஏறுவது பம்பைக்காரரின் அதே வரிசை என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் ஒலிநாடாக்களை ஒலிபரப்புவது பற்றி 1999இல் ஆய்வுக் கட்டுரை எழுதிய பால் கிரீன், கேசட் போடுவதையே ஒரு பக்தி நிகழ்த்துதலாகக் கொண்டார். அந்தப் பார்வை சரி என்பேன். பாட்டுக்குள் நிறுத்திவைக்க முடியாத கை, பாட்டுகளுக்கு இடையில் நிறுத்திவைக்கக் கற்றுக்கொண்டது.

பாட்டுக்குள் கைவைக்க முடியாத இதே நெருக்கடியைக் கேசட் காலத்திலேயே கோவாவின் அஞ்சுனா கடற்கரையும் சந்தித்தது. 1970இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்து, 2023இல் இறக்கும்வரை கோவா டிரான்ஸ் இசையோடு அடையாளம் காணப்பட்ட கோவா கில் உள்ளிட்டோர், வெயிலிலும் தூசியிலும் கெட்டுப்போகும் இசைத்தட்டுகளைத் தவிர்த்து டிஏடி என்ற டிஜிட்டல் ஒலிநாடாவைப் பயன்படுத்தினார்கள். அதில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து இரு பாட்டுகளின் அடிகளைப் பொருத்த முடியாது. அதனால் பாட்டின் தலையிலும் வாலிலும் அடியே இல்லாத நீண்ட பகுதிகள் பயன்பட்டன. இரவு முழுக்க இருளை நோக்கிப் போய் விடியலில் வெளிச்சத்துக்குத் திரும்பும் பெரிய வளைவு கோவா இசைக்கு அடையாளமானது. 2001இல் வந்த சிடிஜே 1000 போன்ற டிஜே சிடி கருவிகள் வேகத்தையும், ஒரு சுற்றைத் திரும்பத் திரும்பச் சுழலவிடும் வசதியையும், விரும்பிய புள்ளிக்குத் தாவும் வசதியையும் விரலடியில் கொண்டுவந்தன. இன்று புறநகரில் ‘சவுண்ட் சர்வீஸ்’ என்று பலகை மாட்டிய கடைகள் டிஜே மேசையையும் வாடகைக்குத் தருகின்றன. கல்யாண வரவேற்பில் அவர்கள் போடுவது பெரும்பாலும் குத்துப் பாட்டுதான், டிரான்ஸ் அல்ல. ஆனாலும் குத்துப் பாட்டின் நடுவே அடியைப் பிடுங்கி, ஸ்னேரை நெருக்கி, மௌனம் விட்டு இறக்கும் உத்தி டிரான்ஸ் வளர்த்துப் பரப்பியது. பம்பைக்காரருக்கு இருந்த, மைக் செட்காரர் இழந்த அந்த உள்கட்டுப்பாடு கைக்குத் திரும்பிவிட்டது.

ஃபிராங்க்ஃபர்ட்டில் 1990களின் தொடக்கத்தில் உருவான இசைக்கும் மாடம்பாக்கத்துப் பம்பைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். பிறப்புறவு எதுவும் இல்லை. அப்படிச் சொல்வது வரலாற்றைத் திரிப்பதாகும். இங்கே சொல்வது கேட்பவரைப் பற்றியது. அழைப்பின் நீட்சியிலும் தெருக்கூத்தில் திரைக்குப் பின்னே நின்று வெளிவரத் தாமதிக்கும் வேடத்திலும் பழகிய செவிக்கு, பிரேக்டவுனின் தாமதத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வழிபாட்டையும் கேளிக்கையையும் ஒரே தராசில் வைப்பது முறையா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அருள் வந்தவரின் வாக்குக்கு ஊர் கட்டுப்படுகிறது. டிராப் விழுந்த பிறகு யாரும் எதற்கும் கட்டுப்படுவதில்லை. அந்த வேறுபாடு அழியாது, அழியவும் கூடாது. ஆயினும் பம்பைக்காரரின் திறமையைத் தெய்வச் செயல் என்று மட்டும் சொல்லிக் கடந்தால், தலைமுறைகளாகக் கைமாறி வந்த நுட்பமான இசையறிவுக்கு உரிய பெயர் கிடைக்காமலே போகும்.

இப்போது அந்த அறிவுக்கு நெருக்கடி நேரத்தின் வடிவில் வந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியையும் இசைக்கருவிகளையும் தடுக்கின்றன. நோயாளிகளும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் நெருக்கமாக வாழும் புறநகரில் அந்த விதி வேண்டியதுதான். ஆனால் இரவெல்லாம் நீண்ட அழைப்பை மூன்று மணி நேரத்துக்குள் அடக்கும்போது முதலில் வெட்டப்படுவது வர்ணிப்பு, அதாவது காத்திருப்பு. உச்சம் மட்டும் மிஞ்சுகிறது. விழா மண்டபம் போன்ற மூடிய அரங்கங்களுக்கு அதே விதிகளில் விலக்கு உண்டு, ஆகவே நீண்ட இரவு டிஜேக்குக் கிடைக்கிறது, தெருவில் நிற்கும் பம்பைக்குக் கிடைப்பதில்லை. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்வு தர மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. அதில் ஆடி மாதத்தின் இரண்டு மூன்று இரவுகளை, குழாய் ஸ்பீக்கர் இல்லாமல் பம்பையும் உடுக்கையும் மட்டும் ஒலிக்கும் கோயில்களுக்கு ஒதுக்கலாம்; பம்பைக் குழுக்கள் வர்ணிப்பை முழுமையாகப் பாட அந்த இரண்டு மணி நேரம் போதும்.