குருத்தணுவும் மறதி நோயும்: ஒரு நம்பிக்கையின் வரலாறு

1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் அகுஸ்ட் டேட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். பெயரை எழுதச் சொன்னால், எழுதத் தொடங்கி மீதியை மறந்துவிடுவார். தம்மையே தாம் தொலைத்துவிட்டதாக அவர் முறையிட்டதை மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் குறித்துவைத்தார். 1906-இல் அப்பெண்மணி இறந்தபின் அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளும் உள்ளே முறுக்கிய இழைகளும் தென்பட்டன. 1910-இல் எமில் கிரேப்லின் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார்.

மடிந்த நரம்பணு மடிந்ததே. முதிர்ந்த மூளையில் புதியது முளைக்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால் நிலைநிறுத்திய இக்கருத்தே நெடுங்காலம் ஆட்சி செய்தது. 1998 நவம்பரில் இரு செய்திகள் அதை அசைத்தன. முதியோர் மூளையிலும், நினைவுக்குரிய பகுதியில், புதிய நரம்பணுக்கள் தோன்றுவதற்குச் சான்று கிடைத்ததாக ஒரு குழு அறிவித்தது. இது குறித்து இன்றும் வாதம் ஓயவில்லை. அதே மாதத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் தாம்சன், மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்துக் காட்டினார். உடலின் எவ்வகை அணுவாகவும் மாறவல்லவை அவை. ஆனால் அவற்றை எடுக்க, சில நாள்களே ஆன கருவை அழிக்கவேண்டும்.

திருச்சபை இதற்கு இசையவில்லை. 2000 ஆகஸ்டு 29 அன்று, உரோமையில் கூடிய உறுப்பு மாற்று மருத்துவர்களின் பன்னாட்டு மாநாட்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கருவை அழிக்கும் முறைகளை மறுத்து, வளர்ந்த மனித உடலிலிருந்து பெறும் குருத்தணுக்களை நாடுமாறு வழிகாட்டினார். பார்க்கின்சன் நோயின் நடுக்கம் அவரிடம் அப்போதே காணப்பட்டது. கருக் குருத்தணுக்களால் குணமாகும் என்று பெரிதும் நம்பப்பட்ட நோய்களுள் அதுவும் ஒன்று!

2004 ஜூனில் அமெரிக்க முன்னாள் அதிபர் ரொனால்டு ரீகன் அல்சைமர் நோயுற்று மறைந்தார். கருக் குருத்தணு ஆய்வுக்கு ஆதரவு கேட்டு அவருடைய துணைவியார் முந்தைய மாதமே பேசியிருந்தார். நம் தாத்தா பாட்டியரின் நினைவை மீட்கும் மருந்துக்குச் சமயம் குறுக்கே நிற்கிறது என்ற குற்றச்சாட்டு வலுத்தது. அவ்வேளையில், அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனத்தில் குருத்தணுக்களையே ஆராய்ந்துவந்த ரொனால்டு மெக்கே, அல்சைமருக்கு இது மருந்தாகும் என்ற நம்பிக்கை குறித்து, மக்களுக்கு ஒரு தேவதைக் கதை தேவைப்படுகிறது என்று வெளிப்படையாகக் கூறினார். பார்க்கின்சன் நோயில் முதன்மையாக ஒருவகை நரம்பணு ஓரிடத்தில் அழிகிறது. அல்சைமரிலோ பலவகை அணுக்கள் மூளையெங்கும் அழிகின்றன. மேலும், நினைவு என்பது அணுக்களுக்கு இடையே ஆண்டுக்கணக்கில் உருவான இணைப்பு. புதிதாக நட்ட அணுவுக்கு மகளின் முகம் தெரியாது.

இதைக் கொண்டு நாம் வெற்றி கொண்டாடுவது முறையன்று. கரு என்பது மனித உயிர் என்பதால் திருச்சபை மறுத்தது. பயன் தராது என்பதால் அன்று. நாளையே அம்மருந்து பலித்தாலும் அம்மறுப்பு நிற்கும். இதை நம் மேடைகளில் பலர் குழப்பிக்கொள்வதைக் காண்கிறோம்.

2006-இல் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா எலியின் வளர்ந்த அணுக்களையும், மறு ஆண்டு மனிதத் தோலணுக்களையும் குருத்தணு நிலைக்குத் திருப்பினார். நுண்ணோக்கியில் ஒரு கருவைக் கண்டபோது தம் புதல்வியருக்கும் அதற்கும் எத்துணைச் சிறிய வேறுபாடு என்று தோன்றியதை அவர் பின்னர் நினைவுகூர்ந்தார். 2012-இல் நோபல் பரிசு அவரைச் சேர்ந்தது. நோயாளியின் தோலிலிருந்தே நரம்பணுவை உருவாக்கி, நோய் வளரும் விதத்தை ஆய்வகத் தட்டில் காண இன்று இயல்கிறது.

சிகிச்சை இன்னும் தொலைவில்தான் உள்ளது. தென்கொரியாவில் ஒன்பது நோயாளிகளின் மூளையில் தொப்புள்கொடி இரத்தத்துக் குருத்தணுக்களைச் செலுத்திய ஆய்வின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. பெரிய தீங்கு நேரவில்லை. நோயின் வேகமும் குறையவில்லை. அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் சிறியனவே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், இரத்த நோய்கள் முதலிய சிலவற்றுக்குச் செய்யும் எலும்பு மச்சை மாற்று போன்றவை தவிர, பிற குருத்தணு முறைகளை ஆய்வாகவே கருதுகின்றன. அவற்றை விலைக்கு அளிப்பதை அனுமதிப்பதில்லை. ஆயினும், தந்தையின் நினைவு திரும்பும் என்று நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க எண்ணும் பிள்ளைகள் நம் பங்குகளிலும் இருக்கக்கூடும்.